வைரஸின் இரண்டு முனைகள்

வைரஸின் டீஎன்ஏக்கு முனை தேடுவது என் தொழில். உங்களில் யாராவது நூல்கண்டில் நுனி தேடியிருந்தால், என் பாடு புரியும்.

வட்டம்

ஹனீபா ஹாஜியாரின் இறால் குஞ்சுத் தொட்டிகளில் நோய். ஒரு பற்றீரியாவால் இருட்டில் தண்ணீர் பச்சையாய் மின்னும். பிறகு குஞ்சுகள் சாகும். அந்தப் பற்றீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்று கடலோரக் களப்புத் தண்ணீரில் கிடைத்தது. அதைத் தொட்டியில் விடலாமா? சில வைரஸ்கள் தம் டீஎன்ஏயைக் கண்ட இடத்தில் வெட்டி, பற்றீரியாவின் நோய் மரபணுவையும் அள்ளி அடுத்த பற்றீரியாவிடம் சேர்க்கும். முனை ஒரே இடத்தில் இருந்தால் அந்தப் பயம் குறைவு. வாசித்த துண்டுகளைக் கோத்துப் பார்த்த கம்ப்யூட்டரோ, முனையே இல்லை, வட்டம் என்றது. ஹாஜியாரிடம் சொன்னேன்.

"தொடக்கமும் முடிவும் இல்லாத சாமானையா என்ட தொட்டிக்குள்ள உடப் போறீங்க?"

சூடு

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்பவர் செல்வி, உடப்பு என்ற மீனவ ஊர்க்காரி. டீஎன்ஏயை வெட்டி, துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டு அளவு பார்த்தோம். அதுவும் வட்டம் என்றே காட்டியது. பிரிட்ஜிலிருந்து எடுத்தபடி ஓடவிட்டிருக்கிறோம்! சில வைரஸ்களின் முனைகள் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூடாக்கி, சட்டென்று ஐஸில் வைத்தோம். பெரிய துண்டு மங்கியது. இரண்டு சிறிய துண்டுகள் புதிதாய்த் தெரிந்தன. முனை இருக்கிறது! என் மேலேயே வந்த கோபம் போய் ஆவல் பிடித்தது.

"கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் சூடு காட்டுவமா, சேர்?"

மிச்ச எழுத்து

உள்ளிருந்து முனை நோக்கி எழுத்தெழுத்தாக வாசித்தோம். ஒரே இடத்தில் சட்டென்று நின்றது. மறுபக்கமும் அப்படியே. இரண்டிலும் கடைசி எழுத்து A. செல்விக்குச் சந்தோஷம். எனக்கில்லை. முனைகளை ஒட்டவைத்து, பொருத்தின் ஊடாக வாசித்துப் பார்த்தோம். அந்த A அங்கே கிடையாது. நகலெடுக்க எதுவும் மிச்சமில்லாத இடத்தில், நகலெடுக்கும் நொதியம் தானாக ஒரு A வைத்துவிடுகிறது. ஏன்? இன்றைக்கும் யோசிக்கிறேன். செல்வி யோசிக்கவில்லை.

"வலை முடிஞ்ச பிறகும் எங்கட அண்ணன் ஒரு முடிச்சுப் போடுவான், சேர். கை நிக்காது."

ஒரு தொட்டி

முனை ஒரே இடத்தில்தான், அந்தப் பயம் குறைவு என்று ஹாஜியாரிடம் சொன்னேன். குஞ்சு பிழைக்குமென்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு தொட்டியில் விட்டுப் பாருங்கள் என்றேன். "குஞ்செல்லாம் மௌத்தான பொறகா மத்தத் தொட்டி?" என்று முறைத்தார். ஆனாலும் விட்டார். சில நாள் கழித்துக் கூப்பிட்டார். கொட்டகைக் கதவை மூடி, விளக்கை அணைத்தார். பக்கத்துத் தொட்டிகள் மின்னின. எங்கள் தொட்டி கும்மிருட்டு. உள்ளே குஞ்சுகள் துள்ளுவது மட்டும் கேட்டது.

"இருட்டா ஈக்கிறதுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்றது இதான் மொதத் தரம்."

இரண்டு முனைக்கே இவ்வளவு பாடு என்றால், நடுவில் என்ன இருக்கிறது என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.