அக்காவின் கையில் ஒரு ஜன்னல்

வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்றுதான் பெயர். பேருந்து நிற்கும் முன்பே இறங்கப் பார்ப்பாள். ஒரு விஷயம் நடக்கும் முன்பே நடந்துவிட்டதாக எல்லோருக்கும் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: மருத்துவமனையின் அடித்தளத்து ஆய்வுக்கூடத்தில், பன்றித்தோல் துண்டின்மேல் திரவத்தைத் தடவிவிட்டு, அது உள்ளே இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது!

எண்ணெய் பட்ட காகிதத்தில் அடியில் இருக்கும் எழுத்து தெரியுமே, அதுபோலத் தோலையும் கொஞ்ச நேரத்துக்குத் தெளிவாக்கலாம். அதற்கான திரவம் கையில் இருந்தது. ஆனால் தோலின் மேலே செத்துக் காய்ந்த மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அது எதையும் உள்ளே விடாது. திரவத்தை மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார்கள். ஊஹூம், அது மசியவே இல்லை.

மற்றவர்களுக்கு இது ஆராய்ச்சி. அவளுக்கு இது அக்கா. நோயில் படுத்து எழுந்த அக்காவுக்குத் தொடர்ந்து ஊசி மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் நரம்பு மட்டும் கண்ணில் படாது. நர்ஸ் இங்கே குத்தி, அங்கே குத்தி, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் குத்துவாள். போன முறை வீடு திரும்பியதும் அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை என் கையைச் சல்லடையாக்கினா வைத்தியத்தையே விட்டுடுவேன். அப்புறம் யாரும் என்னைக் கெஞ்சக் கூடாது."

அக்கா சொன்னால் சொன்னதுதான்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலை, தோல் துண்டுக்கு அடியில் வைத்திருந்த அச்செழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் வரட்டும் என்றாவது காத்திருந்தாளா? அதெல்லாம் நம் ஆளுக்குத் தெரியாத சங்கதி. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். அடுத்த ஊசிக்கு முன்னால் இங்கே வா, உன் நரம்பை உனக்கே காட்டுகிறேன் என்றாள். அத்தானுக்கும் சொன்னாள். கேட்காத சித்திக்கும் சொன்னாள்.

மறுநாள் புதுத் துண்டில் அதே திரவத்தைத் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. மேடம் பழைய துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் மேலடுக்கே இல்லையே, எங்கே போயிற்று என்று கேட்டார். இவள் முகத்தில் ஈயாடவில்லை. தோல் துண்டு வாங்கும் கறிக்கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் பெருமையாகச் சிரித்தார். "ஒரே முடியா இருக்குன்னு நீங்கதானே அலுத்துக்கிட்டீங்க. அதான் அன்னிக்கு வெந்நீர்ல முக்கி, நல்லா சுரண்டிக் குடுத்தேன். இன்னிக்குக் கூட்டம், முடியலை."

மனுஷரைக் கோபிக்கவா முடியும்? போட்ட கூச்சலெல்லாம் நினைவுக்கு வர, வெட்கத்தோடு திரும்பி நடந்தாள். பாதி வழியில் சட்டென்று நின்றாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். அட, அப்படியானால் திரவத்தில் குறையே இல்லை! மேலடுக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், தானாக இறங்கும். மனுஷர் கையை வெந்நீரில் முக்கிச் சுரண்ட முடியாதுதான். ஒட்டும் டேப்பை லேசாக அழுத்தி எடுத்தால்?

இதைக் கேட்டதும் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். டேப் முறை அவருக்குத் தெரிந்ததுதான். திரவத்தாலேயே காரியம் ஆகும் என்ற பிடிவாதத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். தோல் புண்ணாகாமல் எவ்வளவு எடுக்கலாம், பிறகு வெதுவெதுப்பான துணியை எவ்வளவு நேரம் வைக்கலாம், எப்படித் தேய்க்கலாம் என்று இருவரும் முதலில் துண்டுகளில், அப்புறம் தங்கள் கைகளிலேயே பார்த்தார்கள். தெரிந்தது! ஆனால் இவள் கையில் நரம்பு சும்மாவே புடைத்துத் தெரியும். அக்காவின் கை அப்படியா? இந்த முறை அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

ஊசி நாளன்று, ஆட்களிடம் சோதித்துப் பார்க்க மேடம் வாங்கியிருந்த அனுமதியின்படி அக்கா கையெழுத்துப் போட்டாள். வழக்கம்போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். தங்கை டேப்பை ஒட்டி எடுத்தாள், வெதுவெதுப்பான துணியை வைத்தாள், திரவத்தைத் தடவித் தேய்த்தாள். பிறகு காத்திருந்தாள். ஆமாம், அவசரக்குடுக்கைதான், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம், நர்ஸ் எப்போதும் தேடும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, நீலமாக ஒரு கோடு மெல்லத் தெளிந்து வந்தது. நர்ஸ் தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையை ஆட்டினாள். நர்ஸ் அந்த இடத்தைத் துடைத்தாள். ஊசி ஒரே முறை இறங்கியது. குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

அக்கா சுவரைப் பார்த்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஒரு ஊசிக்கே இவ்வளவு நேரமா? சீக்கிரம் ஆரம்பிங்க. எத்தனை தடவை குத்தணுமோ குத்தித் தொலைங்க."

"குத்தியாச்சு அக்கா," என்றாள் தங்கை. சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா திரும்பித் தன் கையைப் பார்த்தாள்.

"அடுத்த ஊசி என்னிக்குன்னு கேட்டுச் சொல்லுடி," என்றாள்.