எங்கே என்று கேட்க வைத்தாள் மாதா

நம் பங்கின் அன்பியக் கூட்டத்துச் சகோதரர்களே, சகோதரிகளே,

போன தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் சூசையைப் போலீஸ் கொண்டுபோனது. அவர் சங்கு குளிக்கிறவர், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். கரையேறி வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். சட்டையில் பெயர்ப்பட்டை இல்லாத நாலைந்து பேர் வந்தார்கள். "ஏலே, விசாரிக்கணும், ஏறுலே." எதற்கு என்று சொல்லவில்லை. தட்டில் சோறு அப்படியே காய்ந்தது.

நான் வாசலில் நின்றேன். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடலுக்குப் புறப்படுகிற ஆணிடம் எங்கே என்று கேட்டால் திரும்பமாட்டான் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். கல்யாணமான நாள் முதல் அவர் படி இறங்கும்போது வாயை மூடியே பழகிவிட்டேன். அன்றும் மூடிக்கொண்டேன். ஜீப்பு போய்விட்டது.

சாயங்காலம் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓடினேன். "அப்படி யாரும் இங்கன இல்லம்மா" என்றார்கள். கடல் விழுங்கினால்கூட ஒரு திசை இருக்கும். இதற்குத் திசையே இல்லை. வீட்டுக்கு வந்து மாதா படத்தின் முன்னால் விழுந்தேன். செபம் வரவில்லை. "எங்கே, தாயே, எங்கே?" அது ஒன்றுதான் வந்தது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேனே என்று அதற்கும் அழுதேன்.

மறுநாள் காலை, என்னோடு மீன் விற்கும் ரோஸ்லின் அக்கா வந்தாள்.

"ஏளா, எங்க கொண்டுபோறியன்னு கேட்டியா?"

"எப்படிக்கா கேப்பேன்?"

"கிறுக்கி! அவன் கடலுக்கா போயிருக்கான்? போலீஸுல்லா கொண்டுபோயிருக்கு. கேக்காட்டிதான் திரும்பமாட்டான். எந்திரி!"

அந்த அதட்டலில் மாதா பேசினாள் என்று நம்புகிறேன்.

அக்கா என்னை நீதிமன்றத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு வக்கீலம்மா. "கைது பண்ணா காரணம் சொல்லணும். எங்க வச்சிருக்காங்கன்னு வீட்டுக்குச் சொல்லணும். வக்கீலைப் பார்க்க விடணும். இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். இதெல்லாம் அவங்க போடுற பிச்சை இல்லம்மா, உங்க உரிமை" என்றார். போனை எடுத்து ஒவ்வொரு நிலையமாகக் கேட்டார். கடைசியில் ஓரிடத்தில், ஆமாம், இருக்கிறார் என்றார்கள்.

மத்தியானத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிடிக்கவே தடையுள்ள கடலட்டையைக் கடத்தினார் என்று சந்தேகமாம். "அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இடது காதுல சத்தமே இல்லய்யா."

மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஜாமீன் கிடைத்தது.

செவிப்பறை கிழிந்தவர் ஆழத்துக்குப் போக முடியாது. கடலின் அடியை அவர் இனிப் பார்க்கப்போவதில்லை. வழக்கும் முடியவில்லை. இதுவா செபத்துக்குக் கிடைத்த பதில் என்று கேட்பீர்கள். ஆமாம். நான் கேட்டது ஒன்றுதான். எங்கே. அவள் காட்டினாள். உயிரோடு காட்டினாள்.

உங்கள் வாசலுக்கும் ஜீப்பு வந்தால் வாய்விட்டுச் செபியுங்கள். அதே வாயால் கேளுங்கள்: நீங்கள் யார், எதற்கு, எங்கே? கேட்பது விசுவாசக் குறைவு இல்லை. நம்பிக் கேளுங்கள், தாய் பக்கத்தில் நிற்பாள்.

சாயங்காலம் செபமாலை சொல்லும்போது அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தக் காது கேட்கிறது. அதற்காக, தாயே, நன்றி.