வரப்புக்கு அந்தப் பக்கம் அலையாத்தி

சதுப்பில் மரம் நடும் வேலையில் ஒரு வசதி உண்டு: கன்று செத்தால் கடலைக் கைகாட்டலாம், பிழைத்தால் நம்மையே கைகாட்டிக்கொள்ளலாம். திட்டம், கள ஆய்வு, கூட்டம் என்று வெயிலில் வேகும் சக பாவிகளுக்கு நான் சொல்வது விளங்கும். பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பில் வளர்ந்த நான், தாவரவியல் படித்த ஒரே குற்றத்துக்காக, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஒரு நடவுத் திட்டத்தில் களப்பணியாளராகச் சில வருஷம் குப்பை கொட்டினேன். கூடப் படித்தவர்கள் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. என் வேலை என்னவென்று சர்ச்சில் யாராவது கேட்டால் அம்மா "ஃபாரஸ்ட் சம்பந்தமா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சேறு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

மூன்று மூன்றாக

எங்கள் வேலை இதுதான். காடு அழிந்து காய்ந்து கிடக்கும் சதுப்பில் வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணீர் வந்து போக வழி செய்து, இரண்டு கரையிலும் அலையாத்திக் கன்று நட வேண்டும். நடுவதற்கு ஆள் தேடினால் ஊரில் பாதி ஆண்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். கடைசியில் நெல் நடவுக்குப் போகும் பெண்களே வந்தார்கள். அவர்களுக்குச் செல்லம்மாதான் தலைவி. கன்று கைக்கு வந்ததும் குலவை போட்டார்கள். இடுப்பை வளைத்துப் பின்னால் நகர்ந்துகொண்டே நட ஆரம்பித்துவிட்டார்கள்.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் குத்துக்கு மூன்று கன்று! குழிக்கு ஒன்று என்று காலையில்தான் தொண்டை வறளக் கத்தியிருந்தேன். இது மரமாக வளரப்போவது, நெல் இல்லை என்று திரும்பவும் ஆரம்பித்தேன். செல்லம்மா கூடுதல் கன்றைப் பிடுங்கக் கையை நீட்டினார், மனசு வராமல் இழுத்துக்கொண்டார். "ஒத்தையா நட்டா அதுக்குப் பேரு நடவா மேடம்? ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கட்டுமே!"

வழி தவறி வந்த செடி

சவரிமுத்துவுக்கு அடுத்தடுத்து மூன்று வயல். கடல் பக்கம் இருந்ததுதான் ஊரின் கடைசி வயல். அதன் வரப்பு முடியும் இடத்தில் சதுப்பு ஆரம்பிக்கும். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். வீட்டில் அவரும் மனைவியும்தான், சம்பா ஒரு போகம் சாப்பாட்டுக்குப் போதும். ஒருநாள் அவர் எங்கள் கொட்டகைக்கு வந்தார். கையில் சேறு சொட்டச் சொட்ட ஒரு அலையாத்திக் கன்று. அடுத்தவன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு பஞ்சாயத்துக்கு வருகிறவர் முகம். "உங்க காட்டுச் செடி என் நெல்லுக்குள்ள மொளைக்குதும்மா. வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. நாங்கள் பையில் மண் போட்டு, நிழல் கட்டி, கெஞ்சி வளர்க்கும் செடி, கேட்காத இடத்தில் தானாக முளைத்திருக்கிறது! ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐப்பசி அமாவாசைக்குக் கடல் பொங்கி, வயல் தண்ணீர் வெளியே போகும் வடிகாலிலேயே உள்ளே ஏறியிருக்கிறது. பெரிய மொச்சை மாதிரி இருக்கும் அலையாத்தி விதை அதோடு மிதந்து வந்து வேர் பிடித்துவிட்டது. பக்கத்தில் நெல்லின் நுனியெல்லாம் கருகியிருந்தது.

அலையாத்தி இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்க்கச் சொன்னேன். குடித்த உப்பை அது இலை வழியாக வெளியே தள்ளிவிடும், வருகிறவர்களிடம் எல்லாம் நான் காட்டும் வித்தை அதுதான். சவரிமுத்து நக்கினார், முகம் சுளித்தார், வயலைப் பார்த்தார். "இது குடிச்ச உப்பத் துப்பிடுது. என் நெல்லுக்குத் துப்பத் தெரியலையேம்மா."

ஒரே வாரத்துக் கூலி

கார்த்திகையில் ஒரு வாரம் செல்லம்மா கூட்டம் எங்களிடம் மூன்று நாள் வேலை பார்த்துவிட்டு, மிச்ச நாளைக்குச் சவரிமுத்து வயலுக்குக் களை பறிக்கப் போய்விட்டது. நான் வரப்பில் ஏறி எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் எங்கள் பக்கம் குலவை போட்டு நட்ட அதே கைகள், இந்தப் பக்கம் அலையாத்திக் கன்றைப் பிடுங்கி வரப்பில் எறிந்துகொண்டிருந்தன. பொறுக்க முடியாமல் எறிந்ததையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டேன். செல்லம்மா நிமிர்ந்து சிரித்தார். "அந்தப் பக்கம் அது பயிரு, இந்தப் பக்கம் களை. நீங்க வரப்ப மட்டும் மாத்திடாதீங்க மேடம், எங்களுக்குக் கொழம்பிடும்."

படகில் ஒரு கேள்வி

சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். முருகையன் அண்ணன் படகில் காயல் முழுக்கச் சுற்றிக் காட்டினோம். அண்ணன் மீனவர், எங்களுக்கு வாடகைக்குப் படகு ஓட்டுவார். வெயிலில் வாய்க்கால் வற்றி உப்புப் பூத்திருந்ததையும், கன்றுகள் கருகி நின்றதையும் நான் காட்டினேன். போன மழைக்காலத்தில் மாதக்கணக்கில் பெய்ய வேண்டியது சில நாளில் கொட்டித் தீர்த்ததில் மிச்சக் கன்று சாய்ந்துவிட்டதையும் சொன்னேன். முதலில் எனக்கே விளங்காத ஒன்று இருந்தது: உப்புக்குப் பழகின செடி உப்பாலேயே ஏன் சாகிறது? அளவு மீறினால் அலையாத்திக்கும் ஆகாது, ஆற்றுத் தண்ணீர் வந்து கலந்தால்தான் பிழைக்கும் என்பதைக் கன்றுகளைச் சாகக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அதிகாரி எல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். கடல் மட்டம் ஏறியிருக்கிறதா, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்றார். அண்ணன் கழியைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு யோசித்தார். "கடல் ஏறுதான்னு நான் அளந்து பாக்கல சார். ஆனா ஆறு எங்களத் தேடி வந்து ரொம்ப நாளாச்சு."

சிங்கப்பூர் போன்

அடுத்த ஐப்பசியிலும் வடிகாலில் உப்புத் தண்ணீர் ஏறியது. கடைசி வயலில் பாதி போய்விட்டது. இறால் பண்ணை போடுகிற ஒருவர் சவரிமுத்துவிடம் நிலத்தை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். மகனும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, வித்துடுங்கப்பா என்றானாம்.

சவரிமுத்து என்னிடம் வந்து, வித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உலகம் சூடாகிறது, கடல் ஏறுகிறது. ஏற ஏறக் காடு நிலத்துப் பக்கம் நகர்ந்துதான் பிழைக்கும். வழியில் பண்ணைக்காரர் உயரமாகக் கரை போட்டுவிட்டால் கடலுக்கும் கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சாகும். பண்ணை உப்பு பக்கத்து வயல்களுக்கும் இறங்கும். சொல்லி முடித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. காட்டுக்காக நான் பேசுகிறேன், இவருக்காக யார் பேசுவது? அவர் கோபப்படவில்லை. "மகன் அனுப்புற பணத்துல அரிசி வாங்கிக்கலாம்மா. விடிஞ்சா எழுந்து போறதுக்கு ஒரு வயல எந்தக் கடையில வாங்குறது?"

புது வரப்பு

அவர் விற்கவில்லை. கடைசி வயலைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு, அதற்கு உள்ளே தள்ளிப் புதிதாக வரப்புப் போட்டார். மண் சுமந்தது செல்லம்மா கூட்டம். மறு வருஷம் நான் போனபோது, விட்ட வயல் முழுக்க அலையாத்தி. நாங்கள் ஒரு கன்றுகூட நடவில்லை! சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு நிற்கவில்லை. இன்னும் சில வருஷத்தில் சேற்றுக்கு மேலே மூச்சு வேர் நீட்டும், நண்டு வரும், இறால் குஞ்சு வரும், புயல் அடித்தால் வேகம் தணியும் என்று அளந்துகொண்டே போனேன்.

சவரிமுத்து புது வரப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒருமுறை தலையாட்டினார். பிறகு திரும்பி, மிச்சமிருந்த இரண்டு வயலையும் அதற்குப் பின்னால் தெரிந்த தன் வீட்டையும் பார்த்தார். "காடு எப்ப வரும், என்னென்ன வரும், எல்லாம் சொன்னீங்க. நல்லதும்மா. அடுத்த வரப்ப நான் எங்க போடுறதுன்னும் சொல்லிட்டுப் போங்க."

அந்த மாத அறிக்கையில் "காடு இயற்கையாகவே பரவி வருகிறது, மிகவும் திருப்திகரம்" என்று எழுதி அனுப்பினேன். திருப்தி யாருக்கு என்று கேட்கும் கட்டம் நல்லவேளையாக அதில் இல்லை.