யார் பேருக்கு இந்தக் கோதுமை?

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் படிக்கலாம். ஆனால் நடந்தது நடந்ததுதான். யாசென் இன்றும் பிளவ்டிவ் நகரத்தில் இருக்கிறான். கேட்டால் பாதியைச் சொல்வான். மீதிப் பாதி நெவெனாவுக்கும் அவள் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி மாதம். நெவெனாவும் யாசெனும் கல்லூரித் தோழர்கள். முதுகில் ஒரு பை, பையில் பாதிதான் துணி. பிளவ்டிவில் கிளம்பி, ஊர் ஊராக இறங்கி, ருசேவில் தன்யூப் நதியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. ஊர்ந்து போகும் பாசஞ்சர் ரயில். பத்துப் பேர் குறட்டை விடும் பொது அறை. காலையில் ஆளுக்கு ஒரு பானித்ஸா பலகாரம். அதைச் சுற்றிவந்த எண்ணெய்க் காகிதத்தில் ஒட்டிய பாலாடைக்கட்டியைக்கூட யாசென் விடமாட்டான்.

த்ரியாவ்னா என்ற சிறு ஊருக்கு அவர்கள் வந்த நாளும் யாசெனின் கணக்குதான். அன்று ஆத்மாக்களின் சனிக்கிழமை. இறந்தவர்கள் இருக்கும் வீட்டார் எல்லாரும் கல்லறைக்கு வருவார்கள். வேகவைத்த கோதுமை, ரொட்டி, ஒயின் எல்லாம் கொண்டுவந்து, கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். யாரையும் இல்லை என்று அனுப்புவதில்லை.

“செத்தவங்க புண்ணியத்துல இன்னைக்கு மதியச் சாப்பாடு. நீ வாயை மட்டும் சரியா அசை, போதும்” என்றான்.

சரியாக அசைப்பது என்றால் இதுதான்: கொடுப்பவர் தன் வீட்டில் இறந்தவர் பெயரைச் சொல்லிக் கொடுப்பார். வாங்குபவர் நன்றி சொல்லக் கூடாது. ‘கடவுள் அவரை மன்னிக்கட்டும்’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும். அந்த வார்த்தையை உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சொல்லவே கூடாது. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

ரயில் தாமதம். அவர்கள் கல்லறை வாசலுக்கு வந்தபோது மணி மூன்றரை. கூட்டம் கலைந்துவிட்டது. பனியில் குத்தியிருந்த மெழுகுவர்த்திகள் மட்டும் மிச்சம்.

யாசென் திட்டிக்கொண்டே மேட்டுப் பக்கம் ஆள் தேடிப் போனான். அப்போதுதான் நெவெனாவின் போன் அடித்தது. அண்ணன் ஒக்னியான். ஸ்தாரா ஸகோரா ஆஸ்பத்திரியிலிருந்து.

நாலு நாளாக ஒரே பேச்சுதான். அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுந்து உட்கார்கிறார். சூப் குடிக்கிறார். உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அப்பா ஸ்டாமென், நெவெனாவுக்கு ஏழு வயதில் வீட்டைவிட்டுப் போனவர். பாவ்லினா என்பவளோடு ஸ்தாரா ஸகோராவில் புதுக் குடித்தனம். அண்ணன் எப்போதோ சமாதானமாகிவிட்டான். இவள் ஆகவில்லை. முந்தின நாள் கஸான்லாக்கில் ஸ்தாரா ஸகோரா பஸ் கண்ணெதிரே நின்றது. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வடக்கே போகும் ரயிலில் ஏறினாள்.

“ஒரு மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போ, நெவெனா.”

“நான் ஸ்கூல் வாசல்ல உக்காந்தது எத்தனை மணி நேரம்னு அவரைக் கேளு அண்ணே.”

துண்டித்தாள். போனைக் கோட்டுப் பைக்குள் திணித்தாள். 

திரும்பினாள்.

ஒரு வயதான பெண்மணி நின்றிருந்தாள். கறுப்புத் தலைத்துணி. கையில் கிண்ணம் நிறையக் கோதுமை. அடுப்பிலிருந்து இறக்கியது போல ஆவி பறந்தது.

அந்தக் குளிரில்.

கிண்ணத்தை நீட்டினாள். கேட்டாள்.

“யார் பேருக்கு?”

நெவெனாவுக்குச் சிரிப்பு வந்தது. கொடுப்பவள் சொல்ல வேண்டிய பெயரை வாங்குகிறவளிடம் கேட்கிறாளே. வயதான மூளை என்று நினைத்துக்கொண்டாள். கோதுமை மணம் பசியைக் கிளப்பியது. நெஞ்சில் அந்தப் போன் பேச்சு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“ஸ்டாமென்” என்றாள்.

ஒரு கை அள்ளினாள். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி சொன்னாள்.

“கடவுள் ஸ்டாமெனை மன்னிக்கட்டும்.”

தின்றாள். ருசியாக இருந்தது. அதுதான் பிறகு அவளை அதிகம் வதைத்தது.

“ஏய்…” பின்னால் யாசென். முகம் வெளுத்திருந்தது. “உங்கப்பா உயிரோட இருக்காருடி.”

“எனக்கு இல்ல.”

இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். நடைமேடையில் வேறு யாருமில்லை. உட்கார்ந்ததும் யாசென் தரையைப் பார்த்தபடி மெல்லக் கேட்டான். அந்த அம்மாவைச் சுற்றி இருந்த பனியைக் கவனித்தாயா என்று. ஒரு கால் தடம்கூட இல்லையாம். வந்ததற்கும் இல்லை, நின்றதற்கும் இல்லை.

பயமுறுத்தாதே என்று அவனை அதட்டினாள்.

அப்போது அந்த இருமல் கேட்டது.

பெஞ்சுக்குப் பின்னால். இரண்டு குட்டை இருமல், ஒரு நீண்ட இழுப்பு.

பதினைந்து வருடமாகக் கேட்காத இருமல். காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வருமே… அதே இருமல்.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

மறுபடி. இப்போது அவள் தோளுக்குப் பக்கத்தில்.

“கேட்டுச்சா?”

“எது?” என்றான் யாசென்.

அண்ணனுக்குப் போட்டாள். மணி அடித்தது… அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

மூன்றாவது இருமல் காதுக்குள்ளேயே கேட்டது. இழுப்பு பாதியில் நின்றது.

பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் பெயரைக் கத்திக்கொண்டே யாசென் பின்னால் ஓடிவந்தான். தண்டவாளம் தாண்டி, மேடு ஏறி, கல்லறை வாசலுக்குள். வெளிச்சம் சாம்பல் நிறமாகியிருந்தது.

அந்தப் பெண்மணி அங்கேயே நின்றிருந்தாள்.

அதே இடம். கிண்ணம் மறுபடி நிறைந்திருந்தது. ஆவி பறந்தது. பக்கத்து மெழுகுவர்த்திகள் காற்றில் படுத்துப் படுத்து எழுந்தன. அவள் காலடியில் இருந்தது மட்டும் அசையவில்லை.

“தெரியாமச் சொல்லிட்டேன்” என்றாள் நெவெனா. மூச்சு வாங்கியது. “அவர் சாகல. திருப்பி எடுத்துக்குங்க.”

“தெரிஞ்சுதான் சொன்ன.”

“எடுத்துக்குங்கம்மா…”

“சாப்பிட்டாச்சு. திருப்ப முடியாது. வேணும்னா பேரை மாத்திக்கலாம்.”

கிண்ணம் நீண்டது.

“யார் பேருக்கு?”

நெவெனா உடனே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோசித்தாள்.

ஒரு பெயர் வந்தது. தேடாமலே வந்தது. எத்தனையோ இரவு பல்லைக் கடித்துக்கொண்டு சபித்த பெயர். பாவ்லினா.

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

கையை நீட்டினாள். விரலில் சூடு பட்டது.

உதடு பிரிந்தது…

போன் அடித்தது.

மணி நாலு ஐம்பத்திரண்டு.

“அப்பா போயிட்டார்” என்றான் ஒக்னியான். “இப்பதான். நல்லாத்தான் இருந்தார்… நல்லாத்தான் இருந்தார்ம்மா.”

நிமிர்ந்தபோது பனி மட்டும் இருந்தது. தடமில்லாத பனி. யாசென் தூரத்தில், வாசலிலேயே நின்றுவிட்டிருந்தான். இரண்டாம் முறை தான் வந்து பார்த்தபோது அங்கே நெவெனாவைத் தவிர யாருமில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறான். ருசேவுக்கு அவர்கள் போகவில்லை. அதற்குப் பிறகு சேர்ந்து எங்கேயும் போகவில்லை.

அடக்கம் முடிந்த அன்று, மாடிப்படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி ஒக்னியான் மீதியைச் சொன்னான். நீ போன் பண்ணியபோது எடுக்க முடியவில்லை, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றான். படுக்கைக்கு அந்தப் பக்கம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து அவர் பேசிக்கொண்டிருந்தாராம். ஜுரத்தில் உளறுகிறார் என்று நர்ஸ் சொன்னாளாம்.

“ஜுரமே இல்ல, நெவெனா. தெளிவாப் பேசினார். யாரோ திரும்பத் திரும்ப எதையோ கேக்கற மாதிரி… ‘மாட்டேன், வேற பேர் சொல்ல மாட்டேன்’னார். ‘அவ பேரை என் வாயிலேருந்து வாங்க முடியாது’ன்னார்.”

நெவெனா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“யார் பேரைன்னு கேட்டேன். உன் பேரையான்னு நானே கேட்டதும் தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் நாற்காலியைப் பார்த்து, ‘என் பேரே இருக்கட்டும், அவ சொன்னது சரிதான்’னார். அவ்வளவுதான். கண்ணை மூடிட்டார்.”

சாம்பலைத் தட்டிவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தான்.

“நீ என்னம்மா சொன்ன?”