எடுக்கக் கூடாத ரிங்கு

கனடாவில் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என் ஃபோன் அடித்தால் யாரும் எடுக்கக் கூடாது. ஒருநாள் என் மகளின் பள்ளித் தோழி வந்திருந்தாள். அடிக்கிற ஃபோனை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் சிரித்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அந்தப் பெண் மிரண்டே போனாள். அழைத்தது என் அக்கா செல்வி. அந்த ரிங்குக்கு ‘பத்திரமாக மேலே ஏறிவிட்டேன்’ என்று அர்த்தம்.

இங்கே இரவு என்றால் எங்கள் ஊர் போடியில் விடியற்காலை. அக்கா மலைமேல் இருக்கிற ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க ஜீப்பில் போகிறவள். அந்த ஜீப்பில் மடிக்கு மேல் மடியாக ஆட்கள், பின்னால் தொற்றிக்கொண்டும் ஆட்கள். ஒரு மழைக்காலத்தில் வளைவில் ஒரு ஜீப்பு உருண்டது. அக்கா அதில் இல்லை என்று எனக்குத் தெரிய ஒரு பகல் முழுக்க ஆனது. அன்றைக்கு நான் அழுத அழுகையைக் கேட்டு அவள் செய்த ஏற்பாடுதான் இது. மலையேறிப் போடிமெட்டைத் தாண்டியதும் ஒரு ரிங்கு. எடுத்தால் அவள் காசு போகும், எடுக்காவிட்டால் சேதி மட்டும் வந்து சேரும். அவளுடைய பட்டன் ஃபோனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதில் மண்ணைப் போட்டது எங்கள் சிக்கனம். மாதாமாதம் வருகிற பில்லைப் பார்த்து அலுத்துப்போன என் கணவர், வீட்டில் எல்லாருக்கும் மலிவான ஸ்மார்ட்ஃபோனும் ப்ரீபெய்டு சிம்மும் வாங்கி வந்தார். பெரிய சாதனை செய்தவர்போல ஒரே பெருமை. நாங்கள் இருப்பது தரைக்குக் கீழே, அடித்தள வீடு. அந்த மலிவு சிக்னல் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அன்றோடு ரிங்கு நின்றது. முதலில் மழையில் அங்கே டவர் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் வேலை செய்கிற இடத்திலிருந்து நானே அழைத்தேன், அக்கா எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை எனக்கு. கடைசியில் ஜீப்பு ஓட்டுகிற மாரி அண்ணனைப் பிடித்தேன்.

"செல்விக்கு என்னத்தா, நல்லாத்தான் இருக்கு. நீதான் பெரிய ஆளாயிட்டியாம்ல? ஃபோன் எடுக்கவே இங்கிலீசுக்காரி ஒருத்திய வேலைக்கு வச்சிருக்கியாம்! ஜீப்பு பூராம் இதே பேச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸ் ஆபீஸாகத் தரை துடைக்கிறவள் நான். எனக்கொரு வேலைக்காரியா? உடனே புரிந்தது. சிக்னல் இல்லாத ஃபோனுக்கு வந்த அழைப்பெல்லாம் நேரே, சேதியைப் பதிந்துகொள்கிற வாய்ஸ்மெயிலில் விழுந்திருக்கிறது. அதிலிருந்த குரல் இங்கிலீஷில் பேசிப் பேசி அக்காவின் காசையும் தின்றிருக்கிறது. "அண்ணே, ஃபோன அவகிட்ட குடுங்க" என்றேன்.

"என்னத்துக்குடி இப்பக் கூப்புடுற? அந்தம்மாவையே பேசச் சொல்லு."

"அக்கா, அது ஆளில்ல. மிஷினு."

ஜீப்பின் உறுமலையும் மீறி அவள் கத்தினாள்.

"மிஷினா? அடிப்பாவி! சாப்டியாத்தா, எந் தங்கச்சிய நல்லாப் பாத்துக்கம்மான்னு அதுகிட்டயா சொல்லிக்கிட்டிருந்தேன்?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே சிம் வாங்கிய கடைக்குப் போய் வாய்ஸ்மெயிலைத் தூக்கு என்றேன். "அப்படியானால் நீங்கள் எடுக்காத அழைப்புகள்?" என்று கேட்டான் அங்கிருந்த இளைஞன். எடுக்க மாட்டேன், அடித்தால் போதும் என்றேன். அவன் குரலைத் தாழ்த்தி, "யாராவது தொந்தரவு செய்கிறார்களா? அந்த எண்ணைத் தடுத்துவிடலாம்" என்றான். என் அக்காவைத் தடுப்பானாம்! பேசக் காசில்லாதவர்களும் ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வார்கள் என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றாதா? பேசினால் காசு, பேசாவிட்டாலும் காசு, இது என்ன நியாயம்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டிச் சண்டை போட்டுத்தான் அதை எடுக்க வைத்தேன்.

வாய்ஸ்மெயில் போய்விட்டது, சிக்னல் வரவில்லை. பழைய இணைப்புக்கே திரும்பி அந்தப் பில்லைக் கட்ட எங்களுக்கு இப்போது வழியுமில்லை. அதனால் மாரி அண்ணனின் ஜீப்பு வளைவேறுகிற நேரத்துக்கு நானும் படியேறி வாசலுக்கு வந்து பனியில் நிற்கிறேன். கீழே என் தட்டில் சோறு ஆறுகிறது. நேற்றும் திரையில் ‘அக்கா’ என்று வந்தது. எடுத்துப் பேசிவிட விரல் துடித்தது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.