வராண்டாவில் வாசித்த அஜெண்டா

நான் ஐந்து வருஷம் கவுன்சிலராக இருந்தவள். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் கட்சிக்காரர்கள் வந்து என் வீட்டுக்காரரிடம் பேசினார்கள். அவர் என்னைக் கைகாட்டினார். நின்றேன், ஜெயித்தேன்.

இரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பு எனக்கு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். நகராட்சிக் கூட்டத்துக்கு வரும் அஜெண்டா அப்படிப்பட்டதல்ல. ஒரு வரி தொடங்கினால் பக்கம் முடிகிற வரைக்கும் அது முடியாது.

எங்கள் கட்சிக் குழுத் தலைவரிடம் கேட்டால், "உங்களுக்கு இன்னாத்துக்கு பெரிம்மா அதெல்லாம்? நான் கைய தூக்கும்போது தூக்குங்க, அவ்ளோதான்" என்பார். எனக்கு அது பொறுக்காது. ஏரிக்குக் கீழே தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. எதற்கு என்று தெரியாமல் கையைத் தூக்க நான் என்ன பஸ்ஸில் கம்பி பிடித்துத் தொங்குகிறேனா?

பக்கத்து வார்டு கவுன்சிலரும் பெண்தான். எதிர்க்கட்சி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஃபிளாட்டில் குடியிருப்பவள். ஒரு நாள் கூட்டத்துக்கு முன்னால் வராண்டாவில், தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்து அஜெண்டாவைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அருகில் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் சத்தமா படிமா, நானும் கேக்கறேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் உங்களுக்கு எதிர்க்கட்சிக்கா. மாத்திப் படிச்சுட்டேன்னா?"

"மாத்திப் படிச்சா உன் மூஞ்சி சொல்லிடாதா இன்னா?"

அன்றிலிருந்து கூட்டம் நடக்கிற நாளெல்லாம் அது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அவள் படிப்பாள். எந்த மனைக்கு அடியில் பழைய கால்வாய் போகிறது, எங்கே மண்ணடித்து மேடாக்கினார்கள் என்று நான் சொல்வேன். உள்ளே போனால் எதிரெதிர் வரிசை. வரி ஏற்றுவது பற்றிப் பேச்சு வந்தபோது அவள் என்னை வெளுத்து வாங்கினாள். நானும் விடவில்லை. சாயங்காலம் முருங்கைக்காய் கேட்டு வந்து நின்றாள். பறித்துக்கொடுத்தேன்.

மூன்றாம் வருஷம் சிறுபாலப் பிரச்சினை வந்தது. மழை பெய்தால் என் வார்டுத் தண்ணீர் முழுவதும் அவள் வார்டு எல்லையில் இருக்கும் குறுகலான சிறுபாலத்துக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும். நுழையாது. திரும்பி எங்கள் பின்தெருவுக்கே வரும். முந்தின மழையில் அங்கே ஒரு தாய் அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றிவைத்து, கைப்பிள்ளையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். பாலத்தை அகலப்படுத்தும் தீர்மானம் வரப்போகிறது என்று அவள் படித்ததும் எனக்கு வயிறு குளிர்ந்தது.

உள்ளே நுழையும்போது குழுத் தலைவர் என்னை ஓரமாக அழைத்தார். "பாலம் சப்ஜெக்ட் வந்தா நாம எல்லாம் எழுந்து வெளிய போறோம், பெரிம்மா. ஆள் பத்தாம அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிடும்."

"அதுக்குள்ள மழ வந்துடுமே. தண்ணி நிக்கறது என் வார்டுலபா."

"பாலம் அந்தம்மா வார்டுல கீது. பேரு அவங்களுக்குப் போவும்."

அந்தத் தீர்மானம் வந்தது. எங்கள் ஆட்கள் நாற்காலி இழுபட எழுந்தார்கள். நான் எழவில்லை. தலைவர் குனிந்து, "வாங்க பெரிம்மா" என்றார்.

"முட்டி புடிச்சிகிச்சு நைனா. நீ போய்கினு இரு, வரேன்."

அவர் வாசலைத் தாண்டினார். என்னோடு சேர்த்து ஆள் கணக்கு சரியாக இருந்தது. கையைத் தூக்கினேன். தீர்மானம் நிறைவேறியது. அன்று மாலையே அவள் ஒரு பாட்டில் தைலத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் தலைவர் டைப் அடித்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். "ஒரு கையெழுத்து போட்டுடுங்க. கட்சில உங்க மேல நடவடிக்க இல்லாம நான் பாத்துக்கறேன். அடுத்த வாட்டியும் சீட்டு உங்களுக்குத்தான்."

படிக்காமல் போடுவேனா? அதை எடுத்துக்கொண்டு அவள் ஃபிளாட்டுக்குப் போனேன். மூட்டு வலியால் எழ முடியாமல் போனது, தீர்மானத்தை நான் ஆதரிக்கவில்லை, அந்தப் பாலம் மக்களுக்குத் தேவையற்ற வேலை என்று எழுதியிருந்தது. அஜெண்டாவை எப்படிப் படிப்பாளோ அதே குரலில் ஒரு சொல் விடாமல் படித்தாள். பிறகு மடித்து என் கையில் கொடுத்தாள்.

"போட்டுடுங்கக்கா. தீர்மானம்தான் ஆயிடுச்சே. உங்க சீட்டாவது நிக்கட்டும்."

"அன்னிக்கு முட்டி வலிக்கலமா."

அவள் கையை நீட்டினாள். "அப்ப என் தைலத்தத் திருப்பிக் குடுங்க."

"தலவலிக்குத் தேச்சி காலி பண்ணிட்டேன்."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. சொந்தக் கட்சியிடம் ஒரு தடவை பொய் சொன்னதே எனக்கு உறுத்தல். அதே பொய்யைக் காகிதத்திலும் கொடுத்துவிட்டு, பின்தெருவில் அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

கடிதத்தைத் தலைவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "முட்டி நல்லாதான் கீது நைனா. தண்ணி போவணும்னு உக்காந்தேன்."

"அவங்க கட்சிதான் உங்களுக்கு ஒசத்தியா பூடுச்சா?"

"இல்லப்பா. புடிச்சா நம்ம கொடிதான் புடிப்பேன். ஆனா ஓட்டு போட்டவன், போடாதவன், எல்லார் ஊட்டுலயும்தான் தண்ணி பூந்துச்சு."

அவர் கடிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு போனார்.

பாலம் மழைக்கு முன்பே முடிந்தது. திறப்புவிழாக் கல்லில் அவள் பெயர்தான் இருக்கிறது. அந்த வருஷம் பின்தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. காலையில் பெய்தது மதியத்துக்குள் வடிந்தது.

அடுத்த தேர்தலில் எனக்கு சீட்டு இல்லை. வார்டு பொதுவானதும் தலைவரின் மைத்துனருக்குக் கொடுத்தார்கள். ஐம்பது வயதுக்காரர், பட்டம் வாங்கியவர். சால்வையோடு வந்து காலில் விழுந்தார். மனக்கசப்பு இல்லை என்று சொன்னால் அதுவும் முட்டி வலி மாதிரிதான். ஆனாலும் அவருக்காகத் தெருத் தெருவாக நடந்தேன், அவருக்கே ஓட்டும் போட்டேன். அவரும் ஜெயித்தார், பக்கத்து வார்டில் அவளும் ஜெயித்தாள்.

முதல் கூட்டத்துக்குப் போகிற அன்று அவர் சொல்லிக்கொண்டு போக வந்தார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி வராண்டாவுல அந்தம்மா உக்காந்திருப்பாங்க. பக்கத்துல உக்காந்து அஜெண்டாவ ஒரு வாட்டி கேட்டுகினு போ" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியுமே, பெரிம்மா."

"தெரியும்பா. அதுக்கு சொல்லல."