காஜா மெஷினுக்கு வைத்த காசு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. தெருவுக்கு அவர் அரை இஞ்சு மாஸ்டர். யார் துணி கொடுத்தாலும் தையலுக்கு உள்ளே அரை இஞ்சு கூடுதலாக விட்டுத்தான் தைப்பார். "நாளைக்கு உடம்பு வச்சா பிரிச்சு விட்டுக்கலாம்" என்று வந்தவரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொல்வார். சிலர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போவார்கள். ஒரு வருஷம் கழித்து அதே சட்டையோடு அசடு வழிய வந்து நிற்பார்கள்.

மாடிப்படிக்குக் கீழே கடை. வாசல் பக்கம் அவருடைய மெஷின், உள்ளே ஸ்டூலில் அவர் மனைவி. பட்டன் தைப்பதும் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுப்பதும் அவள் வேலை, எல்லாம் கையால்தான். வருஷக்கணக்காக ஊசி பிடித்ததில் வலது கட்டைவிரல் அடிக்கடி மரத்துப்போகும். டீ டம்ளரைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாமல் நழுவவிடுவாள். அதனால்தான் காஜா போடும் மெஷின் வாங்க இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள். பணம் அவள் பெயரில் பேங்கில் இருந்தது. பாதி தேறிவிட்டது. மீதிப் பாதிதான் நகர்வேனா என்றது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் அவள் தம்பி. பணம் மாற்றிக் கொடுக்கும் கடையில் கவுண்டரில் உட்காருகிறவன். நாலு நாட்டு நோட்டைத் தொட்டுப் பார்த்ததால் உலகத்துக் கரன்சி எல்லாம் தன் பேச்சைக் கேட்கும் என்று அவனுக்கு நினைப்பு.

"மாமா, வெளிநாட்டுப் பணத்த வாங்கி விக்கிறதுக்குப் போன்லயே கணக்கு ஆரம்பிக்கலாம். பெரிய கணக்கா எடுங்க. நீங்க ஒரு ரூபா போட்டா ஐநூறு ரூபாய்க்கு வாங்க விடுவாங்க. லிவரேஜ்னு பேரு. ஏறுச்சுன்னா ஐநூறுக்கும் லாபம் உங்களுக்குத்தான்."

"இறங்குச்சுன்னா?" என்றாள் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி தலையைச் சொறிந்தான். "அதுவும் ஐநூறுக்குத்தான்க்கா."

"அப்போ பெரிய கணக்கு உன்கிட்டயே இருக்கட்டும்."

மாஸ்டருக்கோ ஆசை விட்டபாடில்லை. மெஷினைச் சீக்கிரம் வாங்கிவிடலாமே என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அவள் இறங்கி வந்தாள். முதலில் டெமோ கணக்கு, அதில் இருப்பது பொய்ப் பணம். "பொய்க் காசுல என்னத்தக் கத்துக்கிறது?" என்று மாஸ்டர் முறைத்தார். "நீங்க முதல்ல பேப்பரத்தானே வெட்டிப் பழகுனீங்க?" என்றாள்.

பொய்ப் பணத்தில் மனிதர் புலி. பிறகு இருப்பதிலேயே சின்னதான, டாலருக்குப் பதில் சென்ட்டில் ஓடும் சென்ட் கணக்கை, இருப்பதிலேயே குறைந்த லிவரேஜோடு எடுத்தார்கள். மெஷின் காசில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் போடக் கூடாது. ஒரு தடவையில் எவ்வளவு போனால் நிம்மதியாகத் தூக்கம் வருமோ, அந்த இடத்தில் ஸ்டாப் லாஸ் என்ற கோட்டை வைக்க வேண்டும். விலை அந்தக் கோட்டைத் தொட்டதும் வியாபாரம் தானாக முடிந்துவிடும். அதற்கு மேல் நஷ்டம் இல்லை. இதெல்லாம் அவள் போட்ட சட்டம்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு ஒரு மத்தியானம் யூரோ வாங்கினார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. கோடும் வைத்தார். விலை இறங்கி இறங்கிக் கோட்டின் பக்கத்தில் வந்தது. மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்தார். பாவம், அவர் கை அப்படிப் பழகிய கை. இறுக்கிப் பிடித்தால் பிரித்து விட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். விலை மறுபடி நெருங்கியது. மறுபடி தள்ளினார். எத்தனை தடவை தள்ளினார் என்று அவருக்கே நினைவில்லை. கடைசியில் போன் சொல்லிவிட்டது: கணக்கில் பணம் போதவில்லை, உடனே சேர்க்காவிட்டால் வியாபாரம் மூடப்படும்.

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பேங்கில் இருந்த மெஷின் காசு முழுவதையும் இந்தக் கணக்குக்கு மாற்றப் பொத்தானை அழுத்திவிட்டார். பணம் அவள் பெயரில் இருக்கிறது, ஓடிபி என்கிற சரிபார்க்கும் நம்பர் அவள் போனுக்குத்தான் போகும் என்பது அந்தப் பதற்றத்தில் மறந்தே போயிற்று.

உள்ளே அவள் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் போனையும் பார்த்தாள்.

"கோட்ட எங்க வச்சீங்க, இப்ப எங்க இருக்கு?"

"கொஞ்சம்... தள்ளி வச்சேன். திரும்பிடும்னு நினைச்சேன்."

"துணின்னா நீங்களே உள்ள விட்டு வச்சிருப்பீங்க, பிரிக்கலாம். இதுல யாருங்க விட்டு வச்சா?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டுவாள் என்று பார்த்தார். அவள் திட்டவில்லை.

"நம்பர் வந்திருக்கு. சொல்லட்டுமா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. கேட்டால் சொல்வாள் போலத்தான் இருந்தது. மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"வேணாம்மா. சொல்லாத."

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வியாபாரம் மூடிக்கொண்டது. கணக்கில் போட்டிருந்த பத்தில் ஒரு பங்கில் சில்லறை மட்டும் மிஞ்சியது. மாஸ்டர் பெருமூச்சு விட்டு, ஒரு பேன்ட்டை எடுத்துக் கால் மடிக்க ஆரம்பித்தார்.

அதை மடித்து முடிப்பதற்குள் அந்தப் பாழாய்ப்போன யூரோ திரும்பியது. விறுவிறுவென்று ஏறி, அவர் வாங்கிய விலையையும் தாண்டிப் போயிற்று. அவள்தான் முதலில் பார்த்தாள்.

"ஐயோ, என்னங்க! நான் நம்பரச் சொல்லியிருக்கணுமோ?"

"நல்லவேள, சொல்லல" என்றார் மாஸ்டர். "இன்னைக்கு ஜெயிச்சிருந்தா அடுத்த வாரமும் மொத்தத்தையும் கேட்டிருப்பேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க" என்றாள் அவள், சாதாரணமாக. பிறகு ஸ்டூலுக்குத் திரும்பிப் போய் ஊசியை எடுத்தாள்.

பணம் போனபோது வராத அழுகை மாஸ்டருக்கு அப்போதுதான் வந்தது.